மொம்பாசாவுக்கு ஒரு மஞ்சள் அட்டை

பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் நான் வாங்கிய மார்க்கை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் இதை மேலே படிக்க மாட்டீர்கள். ஆனால் அதே நான்தான், ஸ்ரீரங்கத்துப் பெரியவர்கள் ஆறு பேருக்கு எந்த ஊசி வேண்டும், எந்த ஊசி வேண்டாம் என்ற பஞ்சாயத்தில் முதலிலிருந்து கடைசி வரை நின்று, அதில் ஒருவரை ஆப்பிரிக்கா வரைக்கும் அனுப்பியும் வைத்தவன். என் உயிரியல் டீச்சர் இதைக் கேள்விப்பட்டால் முதலில் சிரிப்பார். அப்புறம் அந்த ஆறு பேரும் நலமா என்று பதறிப்போய் விசாரிப்பார். நலம்தான் டீச்சர்.

மலைக்கோட்டைக்குக் கீழே, ஜவுளிக்கடைகளுக்கு நடுவில், மாடியில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் டிராவல்ஸ். முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். வளைகுடா வேலைக்குப் போகிறவர்களுக்கு டிக்கெட், உம்ரா யாத்திரை போகிறவர்களுக்கு எல்லா ஏற்பாடும், இதுதான் கடையின் பிழைப்பு. நான் ஜீயபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவன். படிவம் நிரப்புவது என் வேலை. "கையெழுத்து முத்து முத்தா இருக்கும். என்ன எழுதியிருக்கான்னு மட்டும் ஒரு தடவை படிச்சுப் பாத்துக்குங்க" என்று பாய் வாடிக்கையாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

அந்தக் கடைக்கு முதன்முதலாக ஒரு கப்பல் பயணம் வந்தது. ஸ்ரீரங்கத்தில் ஒரே வட்டத்தில் பழகும் ஆறு பேர். எல்லோரும் ரிட்டயர் ஆனவர்கள், அறுபத்தைந்து தாண்டியவர்கள். மும்பையில் கப்பல் ஏறி, சீஷெல்ஸ் தீவுகளைத் தொட்டு, ஆப்பிரிக்காவில் மொம்பாசா துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து விமானத்தில் திரும்புவதாகத் திட்டம். கூட்டத்துக்குத் தலைவர் ஒரு ரிட்டயர்டு தலைமை ஆசிரியர், அவர் மனைவியும் ஆறு பேரில் ஒருவர். ஐந்து பேர் கடல் பார்க்கத்தான் கிளம்பினார்கள். ஆறாவது ஆளான மாமி மட்டும் அதற்காக வரவில்லை.

மாமி தபால் ஆபீஸில் வேலை பார்த்தவர். கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. கூடப் பிறந்த ஒரே அண்ணன் மொம்பாசாவில் ஒரு தேயிலைக் கம்பெனியில் கணக்கு எழுதப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். வயது எண்பத்திரண்டு. இடுப்பு உடைந்த பிறகு விமானத்தில் உட்கார முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். இருவரும் நேரில் பார்த்துப் பதினான்கு வருடம் ஆகிறது. மாமிக்குத் தனியாகப் போகத் தைரியமில்லை, துணைக்கு ஆள் கிடைக்கட்டும் என்று காத்திருந்தவர்.

"அவாளுக்கெல்லாம் அது கப்பல்டா அம்பி. நேக்கு அது அண்ணா ஆத்துக்குப் போற டவுன் பஸ்" என்றார் என்னிடம்.

பாய் பயணத் திட்டத்தைப் பார்த்ததும் முதலில் கேட்டது ஊசியைப் பற்றித்தான். உம்ராவுக்கு ஆள் அனுப்பி அனுப்பி அவருக்கு அது பழக்கம்.

"மொம்பாசா போயிட்டுத் திரும்புறவங்க மஞ்சள் காய்ச்சலுக்கு, அந்தப் பக்கம் கொசுவால வர்றது, ஊசி போட்ட அட்டை வச்சிருக்கணும் தம்பி. இல்லேன்னா நம்ம ஏர்போர்ட்லயே ஓரமா உக்கார வச்சு, தனியா அடைச்சிருவாங்க. அதுக்குப் பயந்துக்கிட்டு கப்பல்காரனே ஏத்த மாட்டான். வயசானவங்க வேற. தில்லை நகர்ல அந்த டாக்டரம்மாகிட்ட காட்டிட்டுத்தான் எதுவும். முதல்ல ஃபாரத்த நிரப்பி வாங்கிட்டு வா."

ஃபாரத்தோடு தலைமை ஆசிரியர் வீட்டுக்குப் போனேன். சித்திரை வீதியில் வீடு. ஆறு பேரும் கூடியிருந்தார்கள், காபி வந்தது. தலைமை ஆசிரியர் ஆங்கிலத்தில் கேள்வியைப் படித்துத் தமிழில் சொல்ல, அவரவர் பதில் சொல்ல, நான் எழுதினேன்.

"தினமோ வாரமோ சாப்பிடற மாத்திரை உண்டா? நேக்கு ஒண்ணும் கிடையாது, எழுதிக்கோ" என்றார் தலைமை ஆசிரியர்.

"ஃப்ரிட்ஜ் மேல ஒரு மெடிக்கல் ஷாப்பே இருக்கே மாமா. கிழமை எழுதின டப்பாவுல வியாழக்கிழமைக்கு மட்டும் மஞ்சளா ஒண்ணு இருக்கு."

"அதெல்லாம் ஆத்துக்காரியோடது. நீ எழுத வந்தியா, ஆராய்ச்சி பண்ண வந்தியா?"

எழுதினேன். அடுத்த கேள்வி வந்தது. முட்டை அலர்ஜி உண்டா?

மாமிதான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஏண்டா அம்பி, இந்தக் காகிதத்தை யார் யார் படிப்பா?"

"டாக்டர் படிப்பாங்க மாமி. அப்புறம் கப்பலுக்கு ஒரு காப்பி போகும்."

"கப்பலுக்கா? சமையல்காரன் கைக்குப் போகுமோ?"

போகாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "நேரா அவர் கைக்குத்தான். இல்லைன்னு எழுதினா, காலைல ஆம்லெட்டத் தட்டுல வச்சுக்கிட்டு உங்க ரூம் கதவைத் தட்டுவாரு."

"பெருமாளே!" என்றார் இன்னொரு மாமி.

"அப்படின்னா உண்டுன்னே எழுது. எல்லாருக்கும்" என்று தீர்ப்புச் சொன்னார் தலைமை ஆசிரியர்.

"கொஞ்சமா, கடுமையான்னு ரெண்டு கட்டம் இருக்கு மாமா."

"கடுமை!" ஆறு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஒரே விடையை நாலு பேர் எழுதியதற்காக என்னை வகுப்புக்கு வெளியே முட்டி போட வைத்திருக்கிறார்கள். இங்கே தலைமை ஆசிரியரே முன்னால் உட்கார்ந்து ஆறு பேரை எழுத வைக்கிறார். அந்தச் சந்தோஷத்தில் நானும் என் பங்குக்குக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன். முட்டையைப் பார்த்தாலே மூச்சு வாங்கும். தலைமை ஆசிரியருக்கு மட்டும் கூடுதலாக, முகமும் வீங்கும்.

மூன்றாம் நாள் டாக்டரம்மா கடைக்குப் போன் செய்தார். பாய் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஆறு பேருக்கும் கடுமையான முட்டை அலர்ஜி. எல்லாருக்கும் ஒரே மாதிரி மூச்சு வாங்குது. இவங்களுக்கு அந்த ஊசி போடவே கூடாது பாய். டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிருங்க."

பாய் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன்.

"பாத்தாலே மூச்சு வாங்குமா? நான் உன் கழுத்தப் பிடிக்கிறேன், எப்படி வாங்குதுன்னு சொல்றியா? அந்தம்மா அண்ணனைப் பாக்கப் போறாங்கடா. விளையாடுற இடமா அது? போ, ஆறு பேரையும் நீயே கூட்டிட்டுப் போயி உண்மையச் சொல்லு."

போனோம். டாக்டரம்மாவின் அறையில் ஆறு பேருக்கு நாற்காலி போதாமல் நான் எடை பார்க்கும் மெஷின் மேல் நின்றேன்.

"கடைசியா எப்போ முட்டை சாப்பிட்டீங்க சார்?"

"வாழ்க்கைல சாப்பிட்டதில்லை" என்றார் தலைமை ஆசிரியர், நெஞ்சை நிமிர்த்தி.

"அப்புறம் அலர்ஜின்னு எப்படித் தெரியும்?"

"பரீட்சை எழுதாதவனுக்கு ஃபெயில்னுதானே போடுவோம்?"

"ஆப்சென்ட்னு போடுவோம் சார்" என்றார் டாக்டரம்மா. "சரி, வெளியில கேக் சாப்பிட்டிருக்கீங்களா? கடைல வாங்கின சாதா கேக்?"

தலைமை ஆசிரியர் மனைவியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடைசியில் என்னையும் பார்த்தார். "பேரன் பிறந்தநாளுக்கு, மரியாதைக்கு, ஒரு துண்டு."

"மூச்சு வாங்குச்சா?"

"இல்லை. இன்னொரு துண்டு வாங்கிண்டேன்."

அவர் மனைவி அவரைப் பார்த்த பார்வையில் எனக்கே மூச்சு வாங்கியது. டாக்டரம்மா மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கேட்டுவிட்டு, எல்லா ஃபாரத்திலும் அந்தக் கடுமையை அடித்துவிட்டுச் சிரித்தார். இது சமையலறைக்குப் போகிற கேள்வி இல்லை, ஊசிக்கான கேள்வி, சாப்பாட்டுக்குக் கப்பலில் தனியாக ஒரு படிவம் உண்டு என்று விளக்கினார்.

"ஊசிக்கும் முட்டைக்கும் என்ன சம்பந்தம்?" என்று மாமி கேட்டார்.

"இந்த மருந்தைக் கோழிமுட்டைக்குள்ள வச்சுத்தான் வளத்து எடுக்குறாங்கம்மா. அதனாலதான் கேக்கறது."

அந்த இடத்தில் நான் மட்டும் ஊமையாக இருந்திருந்தால் இந்தக் கதை இன்னும் இரண்டு நாளில் முடிந்திருக்கும்.

"பாத்தீங்களா மாமி, தட்டுல வராம கை வழியா வருது!"

ஒருவரும் சிரிக்கவில்லை. மாமி பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். மற்ற ஐந்து பேரும் பின்னாலேயே போனார்கள். டாக்டரம்மா கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, உன் வாய்க்கு ஒரு ஊசி இன்னும் யாரும் கண்டுபிடிக்கல."

அந்த ஊசியை எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டார்கள். அனுமதி உள்ள இடங்களில் மட்டும்தான், அதுவும் குறிப்பிட்ட கிழமைகளில். போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் அட்டை செல்லும். கப்பல் கிளம்பும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால், சென்னையில் எங்களுக்கு ஒத்துவருகிற நாள் ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. பாய் அந்த நாளுக்கு, அண்ணனுக்காகப் போகிற மாமியின் பெயரை மட்டும் பதிந்து வைத்தார். "வந்தா வரட்டும், வரலேன்னா விட்டுருவோம். நீ போயி மன்னிப்புக் கேட்டுட்டு வா. கிண்டல் பண்ணாம கேக்கணும், தெரியுதா?"

மாமி வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"இல்லைண்ணா, கால் வலி. டாக்டர் வேண்டாங்கறார். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்படியெல்லாம் பேசாதே. அடுத்த வருஷமும் நீ இருப்பே."

போனை வைத்துவிட்டுத் திரும்பியவர் என்னைப் பார்த்தார்.

"கால் நல்லாத்தானே இருக்கு மாமி?" என்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வாயில் வந்தது இது.

"நன்னாத்தான் இருக்கு. ஓடி வந்து உன்னை உதைக்கற அளவுக்கு நன்னா இருக்கு. உள்ளே வா."

உட்கார்ந்தேன். கிண்டல் இல்லாமல் மன்னிப்புக் கேட்டேன். சமையல்காரர் கதையும் நான் கட்டிவிட்டதுதான் என்று சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவை அவ்வளவு நேராகப் பேசியதில் எனக்கு வியர்த்துவிட்டது.

"உங்க பாய் ஆட்களுக்கெல்லாம் இந்த மாதிரி சங்கடம் வராதோ?" என்று கேட்டார்.

"வருமாம் மாமி. உம்ரா ஊசிலயும் உள்ள என்ன கலந்திருக்குன்னு கேப்பாங்களாம். மருந்து வேற, சாப்பாடு வேறன்னு போட்டுக்கிறவங்களும் உண்டு, கடைசி வரைக்கும் மனசு வராம திரும்பிப் போனவங்களும் உண்டாம். யாரையும் பிடிச்சு இழுக்கக் கூடாதுன்னு பாய் சொல்லி அனுப்பினாரு."

குக்கர் மூன்று விசில் அடித்தது. மாமி எழுந்து அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரில் நின்றார்.

"ஆபீஸ்ல எத்தனை வருஷம் பார்சல் தொட்டிருக்கேன் தெரியுமோ? தோல் செருப்பு வரும். கருவாடு வரும். மூக்கைப் பொத்திண்டு முத்திரை குத்தியிருக்கேன். ஒரு நாளாவது, இது நான் சாப்பிடற வஸ்து இல்லை, அனுப்ப மாட்டேன்னு சொன்னேனா?"

"இல்லைங்க."

"இப்போ நான்தான் பார்சல். போய்ச் சேரணும். பெருமாள்கிட்ட நான் பேசிக்கறேன். நீ ரயிலுக்கு டிக்கெட் போடு."

நான் எழுந்து நின்று ஒரு விசில் அடித்தேன். குக்கருக்கு அடுத்தபடி அந்த வீட்டில் விசில் அடித்தவன் நான்தான்.

ஆனால் டாக்டரம்மா உடனே சரி என்று சொல்லவில்லை. மாமியைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். மாமி கேட்டுக்கொண்டதால் நானும் கூட இருந்தேன்.

"அறுபது தாண்டினவங்களுக்கு இந்த ஊசிய முதல் தடவையாப் போடும்போது யோசிக்கணும்மா. ரொம்ப அபூர்வம்தான், ஆனா வந்தா பெரிசா வரும். சும்மா சுத்திப் பாக்கன்னா, அந்த ஊர்ல இறங்காதீங்கன்னு சொல்லிடுவேன்."

"சுத்திப் பார்க்க இல்லை. அண்ணாவைப் பார்க்க."

"தெரியும். பாய் சொன்னார். அதனாலதான் உக்காந்து பேசறேன்."

சின்ன வயதில் வந்த வியாதியிலிருந்து போன மாதம் சாப்பிட்ட மாத்திரை வரை எல்லாம் கேட்டார். பழைய ரிப்போர்ட்டுகளைப் பார்த்தார், புதிதாக ரத்தம் எடுத்தார். மறுநாள் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குப் போடலாம். போட்டப்புறம் அரை மணி நேரம் அங்கயே உக்காரணும். அடுத்த பத்து நாள் காய்ச்சல், மயக்கம் எது வந்தாலும் எனக்குப் போன் பண்ணணும்" என்று கடிதம் எழுதிக் கொடுத்தார்.

விஷயம் பரவியது. மாமியே போட்டுக்கொள்கிறார் என்றால் தலைமை ஆசிரியர் விட்டுவிடுவாரா? "நேக்கும் ஒரு கடிதம் கொடுங்கோ. ஒரு நோயும் கிடையாது, ஒரு மாத்திரையும் கிடையாது" என்று வந்து உட்கார்ந்தார்.

இந்தத் தடவை என் வாய் சரியான இடத்தில் திறந்தது. "மாமா, அந்த வியாழக்கிழமை மாத்திரை?"

"அது ஆத்துக்காரி..."

"நேக்கு வியாழக்கிழமை மாத்திரையே கிடையாது" என்றார் அவர் மனைவி. கேக் விஷயம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

மூட்டு வீக்கத்துக்காக வாரம் ஒரு தடவை அவர் சாப்பிடும் மாத்திரை அது. பெயரைக் கேட்டதும் டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டார். "சார், இது உடம்போட எதிர்ப்புச் சக்தியக் குறைக்கிற மாத்திரை. மஞ்சள் காய்ச்சல் ஊசில இருக்கறது உயிருள்ள கிருமி, பலத்தக் குறைச்சு வச்சிருக்காங்க, அவ்வளவுதான். ரெண்டும் சேந்தா ஆபத்து. உங்களுக்கு இது கிடையவே கிடையாது."

அவர் முகம் சுருங்கிப் போனது. தான் விலகினால் கூட்டமே கலைந்துவிடும் என்று பயந்துதான் மறைத்திருக்கிறார். அதற்கும் டாக்டரம்மாவே வழி சொன்னார், பாய் போனிலேயே டிக்கெட்டைப் பார்த்தார். சும்மா சுற்றிப் பார்க்க வருகிற ஐந்து பேரும் சீஷெல்ஸிலேயே இறங்கி, அங்கிருந்து விமானத்தில் திரும்பிவிடலாம். அந்தப் பாதைக்கு மஞ்சள் அட்டை கேட்க மாட்டார்கள்.

"ஆனா ஃப்ளூ ஊசி எல்லாரும் போட்டுக்கணும். கப்பல்ல ஒரே காத்து, ஒரே சாப்பாட்டு ஹால். ஒருத்தர் இருமினா உங்க வயசுக்குத் தாங்காது. ஏறுறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே போடணும்" என்றார் டாக்டரம்மா.

"அதுல உயிருள்ள கிருமி?"

"நான் போடப் போறதுல இல்ல சார்."

"முட்டை?"

"இருக்கு சார்."

தலைமை ஆசிரியர் மாமியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். சட்டைக் கையை மடித்துவிட்டார். "கேக்கே சாப்பிட்டாச்சு, போடுங்கோ."

இப்போது சிக்கல் வேறு இடத்தில் முளைத்தது. சீஷெல்ஸுக்கு அப்புறம் மாமி தனி. தனியாகக் கடல், தனியாக விமானம். அதற்குப் பயந்துதான் இத்தனை வருடம் போகாமல் இருந்தவர். எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"என்ன பார்க்கறேள்?" என்றார் மாமி. "பார்சல் தனியாத்தான் போகும். துணைக்கு யார் போறா?"

சென்னைக்கு அவரோடு நான் போனேன். ஊசி போட்ட நர்சம்மாவுக்கே தெரியாத அளவுக்கு அமைதியாக உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரம் கழித்து ஒரு அலுவலர் மஞ்சள் அட்டையில் தேதி எழுதி, முத்திரை குத்தி நீட்டினார். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இடது பக்கம் மை பிடிக்கலை. நாள் படிக்க முடியலை. பேடை நன்னா நனைச்சுண்டு, நேரா அழுத்தி இன்னொரு தடவை குத்துங்கோ."

"இது போதும்மா."

"உங்களுக்குப் போதும். ஏர்போர்ட்ல நிக்கப் போறது நான். நானும் முத்திரை குத்தி ரிட்டயர் ஆனவதான்."

அலுவலர் பேடை நனைத்தார். முத்திரை விழுந்த சத்தம் வராண்டா வரை கேட்டது. வரிசையில் நின்றிருந்தவர்கள் தங்கள் அட்டையையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டு நாள் மாமிக்கு லேசான காய்ச்சலும் உடம்பு வலியும் இருந்தன. டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் படுத்தார். நான் காலையும் மாலையும் போன் செய்தேன்.

"மாமி, காலைல கூவத் தோணுதா?"

"தோணினா உன் ஆத்து வாசல்ல வந்துதான் கூவுவேன். போனை வை."

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. பத்து நாள் தாண்டியது. கப்பல் கிளம்பியது. சீஷெல்ஸில் ஐந்து பேர் இறங்கினார்கள். தலைமை ஆசிரியர் கரையில் நின்று, கப்பல் மறைகிற வரைக்கும் கை ஆட்டியதாக அவர் மனைவி சொன்னார்.

ஒரு மத்தியானம் கடையில் என் போனுக்கு வீடியோ கால் வந்தது. பாயும் எட்டிப் பார்த்தார். திரையில் மாமி. பக்கத்தில் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர், அதே மூக்கு, அதே கண்ணாடி. மாமியின் கை அவர் தோளில் இருந்தது. இரண்டு பேரும் அழுது முடித்த முகத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இவன்தாண்ணா, நான் சொன்னேனே, அந்த வாயாடி."

"ஏம்ப்பா, முட்டை ஊசின்னு சொல்லி இவளைப் பயமுறுத்தினியாமே?" என்றார் பெரியவர். அப்புறம் தங்கை பக்கம் திரும்பினார். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் முதல்ல இங்கே வந்தபோதே அந்த ஊசியைப் போட்டுண்டாச்சு. அதுல என்ன இருக்குன்னு அப்பவே சொன்னா. அம்மா காதுல விழுந்தா ஆத்துக்குள்ளே விடமாட்டான்னு வாயைத் திறக்கலை."

மாமி வாயைப் பிளந்தார். "இத்தனை வருஷமாவா? என்கிட்ட கூடவா சொல்லலை?"

"நீ அம்மாகிட்ட சொல்லிடுவே."

அவர் மடியில் ஒரு பழைய மஞ்சள் அட்டை இருந்தது, ஓரமெல்லாம் நைந்து போய். எங்களுக்குக் காட்டுவதற்காக எடுத்து வைத்திருந்தார் போல. மாமி தன் பையிலிருந்து புது அட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்து, இரண்டையும் கேமராவுக்கு நேராகப் பிடித்தார். பாய் "மாஷா அல்லாஹ்" என்றார். நான் மறுபடியும் விசில் அடித்தேன், கீழே ஜவுளிக்கடைக்காரர்கள் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்கு.

மாமி அதைக் கவனிக்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அண்ணனின் அட்டையைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணா இது, உன் முத்திரை சரியாவே விழலை."